வளர்ச்சியை அளந்த போவாஸ்

பள்ளிக்கூடத்திற் படித்த நாளில் தேகப்பயிற்சிக்காக நம்மை உயரத்தின் முறைப்படி வரிசையாய் நிறுத்துவர். குள்ளமானவன் முன்னே நிற்பான். நெடியவன் பின்னே நிற்பான். எட்டாம் வகுப்பில் முன்வரிசையில் நின்ற ஒருவன், பள்ளியிறுதித் தேர்வு எழுதுங் காலத்துப் பின்வரிசைக்குப் போய்விட்டதை நம்மிற் பலரும் கண்டிருக்கின்றோம். இடைப்பட்ட ஆண்டுகளில் அவனைக் குறித்து வீட்டார் கொண்ட கவலையும், தோழர் செய்த கேலியும் பின்னர் மறக்கப்பட்டன. அவற்றை அவனும் மறந்தானோ என்பதை அவனையே கேட்டல் வேண்டும்.

ஒரு பிள்ளையை ஒரு நாளில் அளந்து பெற்ற அளவு, அப்பிள்ளையைப் பற்றி நமக்கு எவ்வளவு கூறும், எவ்வளவு கூறாது என்னும் வினாவை ஐம்பதாண்டுகளாக விடாது ஆராய்ந்த பெரியார் ஒருவர் உண்டு. அவர் பிரான்ஸ் போவாஸ் என்பார். மானிடவியல் பயில்வோர் அவரை அமெரிக்க நாட்டில் அக்கலையை நிலைநிறுத்திய ஆசிரியராக அறிவர். பிள்ளைகளின் வளர்ச்சியைக் கணக்கிடும் முறையில் அவர் செய்த தொண்டோ அத்துணைப் பரவலாய் அறியப்பட்டிலது. அதனையே சிறப்பாக வைத்து அன்னாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

போவாஸ் 1858-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள், ஜெர்மனியில் வெஸ்ட்பாலியாப் பகுதியிலுள்ள மிண்டன் என்னும் ஊரில், யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். ஹைடல்பெர்க், பான், கீல் என்னும் மூன்று பல்கலைக்கழகங்களிற் பயின்று, 1881-இல் கீல் நகரில் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் நீரின் நிறம் என்பது. பௌதிகத்தைச் சார்ந்த அவ்வாராய்ச்சியிலேயே, ஒளியின் நுண்ணிய வேறுபாட்டைக் காணும் மனிதக் கண்ணைப் பற்றிய ஐயங்கள் அவருக்கு எழுந்தன. அளக்கப்படும் பொருளைப் போலவே அளப்பவனையும் ஆராய வேண்டும் என்னும் எண்ணம் அங்கே வேரூன்றியது. அதனால் அவர் கருத்துப் பௌதிகத்தினின்றும் பூகோளத்திற்கும், பூகோளத்தினின்றும் மக்களுக்குமாகச் சென்றது.

1883-இல் வடதுருவத்தை அடுத்த பாபின் தீவிற்குச் சென்று, பனிவெளியில் வாழும் இன்யூட் மக்களிடையே ஓராண்டு தங்கினார். நாகரிகமற்றோர் என்று ஐரோப்பியர் இகழ்ந்த அம்மக்கள் தமக்கு உணவும் உறைவிடமும் தந்து காத்ததைக் கண்டார். 1886-இல் கனடாவின் மேல்கரையிலுள்ள பழங்குடிகளிடையே ஆராய்ச்சி செய்து, 1887-இல் நியூயார்க்கு நகரத்திற் குடியேறினார். அறிவியல் வார இதழொன்றின் துணையாசிரியராய் அமர்ந்து, மேரி என்னும் மங்கையை மணந்து, அந்நாட்டையே தம் நாடாகக் கொண்டார். 1889-இல் மாசசூசெட்ஸ் நாட்டு வூஸ்டர் நகரில் புதிதாய்த் தோன்றிய கிளார்க் பல்கலைக்கழகம் அவரை ஆசிரியராக ஏற்றது. அதன் தலைவராகிய ஸ்டான்லி ஹால், குழந்தைகளின் உளநூலில் ஈடுபாடு மிக்கவர். பிள்ளைகளின் வளர்ச்சியைப் போவாஸ் ஆராயத் தொடங்கியது அங்கேதான்.

அவ்வாராய்ச்சியின் அருமை விளங்க, அவருக்கு முன்னிருந்தோர் செய்ததைச் சிறிது அறிதல் வேண்டும். பிரெஞ்சு நாட்டில் மோன்பெயார் என்னும் பிரபு, தம் மகன் பிறந்த 1759-ஆம் ஆண்டு முதல் 1777 வரையில் அவனுயரத்தை அளந்து குறித்துவந்தார். அக்குறிப்பை இயற்கைநூல் வல்லாராகிய பபோன் வெளியிட்டார். அது ஒரே பிள்ளையைப் பதினெட்டாண்டுகள் தொடர்ந்து சென்ற அளவை. பின்னர்ப் பெல்ஜிய நாட்டுக் கெத்தலே என்பார் வேறொரு வழியை மேற்கொண்டார். வயதுக்குச் சிலராகப் பலரை ஒரே காலத்தில் அளந்து, ஒவ்வொரு வயதுக்கும் சராசரி கண்டு, அச்சராசரிகளைக் கோத்து வளர்ச்சிக்கு ஒரு கோடு வகுத்தார். அமெரிக்காவிற் பாஸ்டன் நகரத்து மருத்துவ ஆசிரியராகிய பௌடிச் என்பார் 20,000-க்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை அளந்து 1877-இல் வெளியிட்ட முடிவுகளும் இவ்வழியைச் சார்ந்தனவே. முன்னதைத் தொடரளவை என்றும், பின்னதைக் குறுக்களவை என்றும் நாம் பெயரிட்டுக்கொள்வோம். குறுக்களவை எளிது, ஒரு திங்களில் முடிந்துவிடும். தொடரளவைக்கோ அளப்பவனுக்கு ஆயுளும் பொறுமையும் வேண்டும். அளக்கப்படுவோர் ஊரைவிட்டுப் போகாமலும் இருத்தல் வேண்டும். ஆதலால் அறிஞர் பலரும் எளிய வழியையே நாடினர்.

1891-இல் வூஸ்டர் நகரப் பள்ளிகளிற் பிள்ளைகளை அளக்கப் போவாஸ் இசைவு கேட்டார். ஒரே பிள்ளைகளை ஆண்டுதோறும் அளந்து செல்லுதல் அவர் நோக்கம். ஊர்ச் செய்தித்தாளொன்று அதனைக் கடுமையாக எதிர்த்தது. அயல்நாட்டிலிருந்து வந்தவர், முகத்தில் வாட்போர்த் தழும்பு உடையவர், நம் பிள்ளைகளைத் தொட்டு அளப்பதா என்று ஊராரிற் சிலர் கொதித்தனர். எனினும் பள்ளி நிருவாகத்தார் இசைந்தனர், அளவை தொடங்கியது. ஆனால் மறு ஆண்டிலேயே பல்கலைக்கழகத் தலைவருக்கும் ஆசிரியர்க்கும் பிணக்கு நேர்ந்து, ஆசிரியர் பலர் விலகினர், போவாஸும் விலகினார். தாம் எண்ணியபடி அவ்வூர்ப் பிள்ளைகளை நெடுங்காலம் தொடர்ந்து அளக்க அவருக்கு இயலவில்லை. ஆயினும் அக்குறுகிய காலத்திற்குள்ளாகவே, குறுக்களவையில் மறைந்திருந்த பெரும்பிழையொன்றை அவர் கண்டுகொண்டார்.

அப்பிழையை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம். எண்கள் நாமே வைத்துக்கொண்டவை. சிறுவர் மூவர் 11-ஆம் வயதில் ஒரே உயரமாக 54 அங்குலம் இருக்கின்றனர் என்க. ஒவ்வொருவனும் ஆண்டுக்கு 2 அங்குலம் வளர்வான். ஓராண்டில் மட்டும், இளமைப்பருவத்தின் வேகம் வந்து, 4 அங்குலம் வளர்வான். அவ்வேகம் முதல்வனுக்கு 11-ஆம் வயதிலும், இரண்டாமவனுக்கு 12-ஆம் வயதிலும், மூன்றாமவனுக்கு 13-ஆம் வயதிலும் வருகின்றது. ஆகவே 12 நிரம்பியபோது அவர்கள் உயரம் முறையே 58, 56, 56 அங்குலம். 13 நிரம்பியபோது 60, 60, 58. 14 நிரம்பியபோது மூவரும் 62.

இப்போது சராசரியை நோக்குவோம். மூவரின் சராசரி உயரம் ஒவ்வோராண்டும் 2 அங்குலமும் மூன்றில் இரண்டு பங்கும் ஏறிச் செல்கின்றது. அக்கோட்டில் வேகமும் இல்லை, தளர்வும் இல்லை. ஒரே சீரான ஏற்றம். ஆனால் மூவரில் எவனும் எந்த ஆண்டிலும் அங்ஙனம் வளர்ந்தானில்லை. ஒவ்வொருவனுக்கும் உண்மையில் நிகழ்ந்த திடீர் வளர்ச்சி, சராசரியிற் கரைந்து மறைந்துபோயிற்று. இன்னொன்றும் காண்க. 13-ஆம் வயதில் மூன்றாமவனை மட்டும் அளந்தவர் அவனைக் குள்ளன் என்று முடிவு செய்வர். அவன் குள்ளனல்லன், பிந்தியவன். அடுத்த ஆண்டில் அவன் மற்றை இருவரோடு தோளொத்து நிற்பான்.

இவ்வுண்மையைத்தான் போவாஸ் 1892-இல் எடுத்துக்காட்டினார். வளர்ச்சியில் அளவு ஒன்று, காலம் ஒன்று என இரு கூறுகள் உள. ஒருவன் எவ்வளவு உயர்வான் என்பது வேறு. அவ்வுயர்வை நோக்கி எவ்வளவு விரைந்து செல்கின்றான் என்பது வேறு. பின்னதனை அவர் இசைநூலிலிருந்து சொல்லெடுத்து வளர்ச்சியின் தாளகதி என்னும் பொருள்பட வழங்கினார். ஒரே பாட்டைச் சிலர் விரைந்தும் சிலர் தாழ்த்தும் பாடி முடிப்பதைப் போல, ஒரே உயரத்தைச் சிலர் முந்தியும் சிலர் பிந்தியும் அடைகின்றனர். ஒரு வயதினரை அளந்து பார்க்கும்போது இவ்விரு கூறுகளும் ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன.

அவர் இதனைக் கண்டுபிடித்த வழியும் அறியத்தக்கது. பிள்ளைகளின் உயரத்தில் ஒருவருக்கொருவர் உள்ள வேறுபாடு, இளமைப்பருவம் நெருங்கும்போது பெருகி, அப்பருவம் கடந்தபின் குறைகின்றது. மேலே கூறிய மூவரையே மீண்டும் பார்க்க: 11-ஆம் வயதில் வேறுபாடு இல்லை, 12-இலும் 13-இலும் 2 அங்குலம், 14-இல் மீண்டும் இல்லை. நெடியவர் நெடியவராகவும் குறியவர் குறியவராகவும் வளர்ந்து சென்றால், பெருகிய வேறுபாடு பின்னர்ச் சுருங்குவானேன்? முந்தியவரும் பிந்தியவரும் கலந்து நிற்றலே காரணம் என்று போவாஸ் தெளிந்தார். சராசரியை மட்டும் நோக்காது, சராசரியைச் சுற்றிய பரவலையும் நோக்கியமையால் அவருக்கு இவ்வுண்மை புலனாயிற்று.

இஃது ஏட்டளவில் நிற்கும் நுட்பம் என்று எண்ணற்க. அக்காலத்தில் செயிண்ட் லூயிஸ் நகரில் போர்ட்டர் என்னும் அறிஞர் 30,000-க்கு மேற்பட்ட பிள்ளைகளை அளந்து, ஒரே வயதினருள் மேல்வகுப்பிற் படிப்போர் உயரத்தாலும் எடையாலும் மிக்கவராயிருத்தலைக் கண்டார். கூரிய அறிவிற்கு உடல்வலிமையே அடிப்படை என்றும், உடல் சிறுத்த பிள்ளை படிப்பில் மந்தமாகும் என்றும் கொள்ள அஃது இடந்தந்தது. போவாஸ் 1895-இல் இதனை மறுத்தெழுதினார். அளவுகளிற் பிழையில்லை, அவற்றுக்குக் கூறிய பொருளிலேதான் பிழை. மேல்வகுப்பில் இருப்போர் வளர்ச்சியில் முந்தியவர். உடலும் உள்ளமும் ஒருங்கே முந்தியுள்ளன. கீழ்வகுப்பில் இருப்போரைப் பிந்தியவர் என்னலாமேயன்றி மந்தர் என்னலாகாது என்பது அவர் கருத்து. ஒரு சொல்லை மாற்றியதனால் என்ன பயன் என்பீராயின், மந்தன் என்று முத்திரை குத்தப்பட்ட சிறுவனை நினைத்துப் பார்மின். பிந்தியவனுக்கு நாளை உண்டு. மந்தனுக்கு அதனையும் நாம் மறுத்துவிடுகின்றோம்.

கிளார்க்கை விட்ட போவாஸ், 1893-இல் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் மானிடவியற் பகுதியில் உழைத்தார். பின்னர் நியூயார்க்கு இயற்கைநூற் காட்சிசாலையிலும், 1896 முதல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் பணியேற்று, 1899-இல் அப்பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். அவர் வரலாற்றை எழுதுவோர் மறைக்கலாகாத குறையொன்றும் இக்காலத்தது. 1897-இல், அவர் விருப்பத்திற்கிணங்க, கிரீன்லாந்திலிருந்து இன்யூட் மக்கள் அறுவர் கப்பலில் அக்காட்சிசாலைக்குக் கொணரப்பட்டனர். அயல்நாட்டு நோய்க்கு ஆற்றாது அவர்களுள் நால்வர் சில திங்களில் இறந்தனர். இறந்தாருள் ஒருவரின் மகனாகிய மினிக் என்னும் சிறுவனை ஆற்றும்பொருட்டுப் பொய்யான அடக்கமொன்று நடத்தப்பட்டது. தந்தையின் எலும்புகளோ காட்சிசாலையில் வைக்கப்பட்டன. உண்மையை அச்சிறுவன் பின்னாளில் அறிந்து வருந்தினான். அவ்வெலும்புகள் 1993-இலேதான் கிரீன்லாந்து சென்று அடக்கமாயின. மக்களை அளக்கப் புகுந்தவன் அவர் மக்கள் என்பதை மறந்துவிடக் கூடும் என்பதற்கு, மக்கள்மேல் அன்பு வைத்த அறிஞரின் வாழ்விலேயே இச்சான்று கிடக்கின்றது.

அக்காலத்து அமெரிக்காவில், தென் ஐரோப்பாவிலிருந்தும் கீழ் ஐரோப்பாவிலிருந்தும் வந்து குடியேறுவோர் தாழ்ந்த இனத்தார் என்னும் கொள்கை வலுத்திருந்தது. தலையின் வடிவம் இனத்திற்கு மாறாத அடையாளம் என்றும் பலர் நம்பினர். குடியேற்றத்தை ஆராய அரசியலார் அமைத்த குழுவினுக்காகப் போவாஸ் 1908 முதல் 1910 வரையில் நியூயார்க்கு நகரில் ஏறத்தாழ 18,000 பேரை அளந்தார். தாய்நாட்டிற் பிறந்து வந்த பிள்ளைகளையும், அமெரிக்காவிற் பிறந்த பிள்ளைகளையும் வயதுக்கு வயது ஒப்பிட்டார். கீழ் ஐரோப்பிய யூதரின் உருண்ட தலை அமெரிக்காவிற் பிறந்த மக்களிடத்துச் சிறிது நீண்டும், சிசிலித் தீவினரின் நீண்ட தலை சிறிது உருண்டும் இருத்தலைக் கண்டார். தாய் குடியேறிப் பல்லாண்டு கழிந்தபின் பிறந்த பிள்ளையிடத்து இம்மாற்றம் மிகுதியாகத் தோன்றியது. மாறாதது என்று கருதப்பட்டதே சூழ்நிலையால் மாறுமாயின், அதனைக் கொண்டு ஒரு மக்களைத் தாழ்ந்தவர் என்பது எங்ஙனம்?

இம்முடிவை நம்பாதவர் பலர். போவாஸ் 1928-இல் தம் அளவுகள் அனைத்தையும் ஆள்வாரியாக அச்சிட்டு வெளியிட்டார். அப்பெருந்தன்மையின் பயனை இக்காலத்திற் கண்டோம். 2002-இல் ஒரு சாரார் அவ்வளவுகளை மீண்டும் கணித்து, மாற்றம் மிகச் சிறிதென்றனர். 2003-இல் மற்றொரு சாரார் கணித்து, போவாஸ் கூறியது பெரும்பாலும் சரியென்றனர். நூறாண்டிற்குப் பின்னும் வழக்காட இடமளிக்கும்படி கணக்கைத் திறந்து வைத்தல் உண்மையறிஞர்க்கு அழகு.

1906-இல் டுபோய்ஸ் என்னும் கறுப்பினப் பேரறிஞரின் அழைப்பை ஏற்று அட்லாண்டாப் பல்கலைக்கழகத்திற் பேசிய போவாஸ், ஆப்பிரிக்க மக்களின் பழம்பெருமைகளை அம்மாணாக்கர்க்கு எடுத்துரைத்தார். 1911-இல் வெளியிட்ட நூலில், இனங்களுக்குள் அறிவில் உயர்வு தாழ்வு கற்பித்தலுக்குச் சான்றில்லை என்று நாட்டினார். ஒரு குலத்தாரின் இன்றை நிலையை மட்டும் கண்டு, அவர் என்றும் அத்தகையர் என்று முடிவு செய்தல், 13-ஆம் வயதுச் சிறுவனைக் குள்ளன் என்று முடிவு செய்தலை ஒக்கும். எனினும் அறிவு கூறியதை அரசியல் கேளாது போயிற்று. 1924-இல் அமெரிக்க அரசு அக்குடியேறிகளின் வரவைப் பெரிதும் சுருக்கிச் சட்டம் இயற்றியது.

அதே காலத்தில் வீட்டிலும் துயரம் சூழ்ந்தது. 1924-இல் ஒரு மகளும், 1925-இல் ஒரு மகனும் இறந்தனர். 1929-இல் மனைவியார் மோட்டார் விபத்தில் உயிர் நீத்தார். முன்னரே முகத்திற் செய்த அறுவை சிகிச்சையால் அவர் முகத்தின் ஒரு பக்கம் செயலற்றிருந்தது. எழுபதைக் கடந்த அம்முதியவர், இளமையில் விட்ட வேலையை மீண்டும் கையிலெடுத்தார். பள்ளிகளிற் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து அளக்கப்பட்ட பிள்ளைகளின் குறிப்புகள் அப்போது கிடைத்தன. 1930 முதல் வெளியிட்ட கட்டுரைகளில், பிள்ளைகளை வயதால் வகுக்காது, ஒவ்வொருவரும் மிக விரைந்து வளர்ந்த ஆண்டு எது என்று கண்டு, அதனால் வகுத்தார். அங்ஙனம் வகுத்தவுடன், சராசரியிற் கரைந்துபோயிருந்த திடீர் வளர்ச்சி தெளிவாய் எழுந்து நின்றது. முந்தி வளர்வோர்க்கு அவ்வேகம் மிகுதி என்பதும் புலப்பட்டது. 1892-இல் ஊகித்ததற்கு ஏறத்தாழ நாற்பதாண்டு கழித்துச் சான்று கிடைத்தது.

1933-இல் ஜெர்மனியில் இட்லரின் கட்சியார் கொளுத்திய நூல்களுள் போவாஸின் நூலும் இருந்தது. பிறந்த நாட்டை விட்டு ஓடிவந்த அறிஞர் பலர்க்கு வேலையும் புகலும் தேடித்தருவதில் அவர் தம் முதுமையைச் செலவிட்டார். 1942-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், பிரான்சிலிருந்து வந்த ரிவே என்னும் அறிஞரைப் பெருமைப்படுத்த நடந்த விருந்தில், கொலம்பியா ஆசிரியர் மன்றத்தில், பேசிக்கொண்டிருக்கையிலேயே சாய்ந்து உயிர் நீத்தார். அப்போது வயது 84.

அவர் இட்ட வித்து இன்று பெருமரமாயிற்று. இங்கிலாந்தில் டானர் என்னும் மருத்துவர் போவாஸின் கருத்தைப் போற்றி விளக்கி, 1966-இல் தம் குழுவினருடன் வகுத்த வளர்ச்சி அட்டவணையில் முந்துவோர்க்கும் பிந்துவோர்க்கும் இடம் வைத்தார். 1982-இல் லேர்ட், வேர் என்னும் இருவர், கூட்டத்திற்கு ஒரு கோடும், அதனின்றும் ஒவ்வொருவரும் விலகும் தனிக்கோடும் ஒருங்கே கணிக்கும் முறையைச் செம்மையாக வகுத்தனர். 2010-இல் கோல் என்பாரும் துணைவரும் வகுத்த முறையில், ஒரு பிள்ளையின் வளர்ச்சி அளவு, காலம், வேகம் என்னும் மூன்று எண்களாற் கூறப்படுகின்றது. அக்காலம் என்னும் எண்ணே போவாஸ் கண்ட தாளகதி.

நாமும் அளக்கப்படுகின்றோம். ஆண்டுதோறும் மதிப்பெண் வருகின்றது. அதனாற் பலர் முன்வரிசைக்கும் சிலர் பின்வரிசைக்கும் போகின்றோம். அளவை வேண்டாம் என்று போவாஸ் கூறிற்றிலர். தம் வாழ்நாளெல்லாம் அளந்தவர் அவர். ஒரு நாளின் அளவை ஒருவன் வாழ்வின் அளவாகக் கொள்ளற்க என்பதே அவர் வரலாறு நமக்குக் கற்பிப்பது. நாளை நம்மிற் பலர் ஆசிரியராவோம். நம் வகுப்பின் முன்வரிசையில் நிற்கும் சிறுவனை அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் மறவாது மீண்டும் அளந்து பார்ப்போமாக.